சிங்கப்பூர் பாஸும் மணலி டிராயிங்கும்

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே தனியாகக் கொஞ்சம் சம்பாதிக்கலாமா என்று கேட்பவர்கள், பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்: "பணம் நம் ஊர்க் கணக்கில்தானே விழப் போகிறது, யாருக்கு என்ன?" வட சென்னையில் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வெல்டர், ஃபிட்டர், கப்பல்காரர், என்னைப் போல ஆலைக் குழாய்களுக்கு டிராயிங் போடும் பைப்பிங் டிராஃப்ட்ஸ்மேன். யாரிடம் வாய் கொடுத்தாலும் பேச்சு பேங்க் கணக்கில்தான் தொடங்கும். எந்த பேங்க், யார் பெயர், வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் என்.ஆர்.இ. கணக்கா, உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கா.

என்னைக் கேட்டால், பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. அந்த வேலையைச் செய்ய எனக்கு அனுமதி உண்டா? செய்தபோது நான் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தேன்? பணம் தருபவர் எந்த நாட்டுக்காரர்? இந்த மூன்றையும் கேட்பவை வெவ்வேறு அலுவலகங்கள். ஓர் அலுவலகத்தில் வாங்கிய ரசீது அடுத்த அலுவலகத்தில் செல்லாது. வரி கட்டிவிட்டேன் என்பதால் விசா மீறல் மன்னிக்கப்படாது; விசா அனுமதிக்கிறது என்பதால் வரி காணாமல் போய்விடாது.

நான் 2016இல் சிங்கப்பூர் போனேன். முதலில் எஸ் பாஸ், பிறகு எம்ப்ளாய்மென்ட் பாஸ்; இரண்டும் வெளிநாட்டவருக்கு அங்கே கொடுக்கும் வேலை அனுமதி. 2022 முடியும் சமயத்தில் திரும்பி வந்தேன். இப்போது திருவொற்றியூரில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். எனவே அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று இரண்டு திசையிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான் ஆடிட்டர் அல்ல. உங்கள் விவகாரத்துக்கு உங்கள் ஆடிட்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் தொழிலைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ஒரு ஆலையில் ஓடும் ஒவ்வொரு குழாய் வரிசைக்கும் ஐசோமெட்ரிக் என்ற டிராயிங் உண்டு. எத்தனை எல்போ என்ற வளைவு, எத்தனை ஃபிளாஞ்ச் என்ற இணைப்பு வளையம், எந்த வெல்டிங் பட்டறையில், எது தளத்தில் என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பட்டறையில் குழாயை வெட்டி, ஸ்பூல் என்ற துண்டு துண்டான தொகுதிகளாகச் சேர்ப்பார்கள். இந்த வேலைக்கு ஒரு லேப்டாப்பும் இரண்டு மணி நேர அமைதியும் போதும். சிங்கப்பூரின் ஜூரோங்கில் உட்கார்ந்து வட சென்னை மணலிக்குப் போடலாம். மணலியில் உட்கார்ந்து சிங்கப்பூரின் துவாஸுக்குப் போடலாம். தாளைப் பார்த்து யாரும் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. சிக்கலே அதுதான்.

நான் போன இரண்டாம் ஆண்டில் மணலியிலிருந்து போன் வந்தது. பாலிடெக்னிக் முடித்ததும் நான் தொழில் பழகிய ஃபேப்ரிகேஷன் பட்டறையின் முதலாளி. சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை எடுத்திருந்தார். கை போதவில்லை. "தம்பி, இரவில் இரண்டு மணி நேரம் எனக்காக ஒதுக்கு. ஒரு ஐசோவுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம். மாதா மாதம் உன் அம்மா கணக்கில் போட்டுவிடுகிறேன், உனக்கு எந்தத் தொல்லையும் இல்லை." அவர் சொன்ன தொகை என் சம்பளத்தில் கால் பங்குக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்றேன்.

என் பாஸ் அட்டையில் முதலாளி நிறுவனத்தின் பெயர் அச்சடித்திருந்தது. அது அலங்காரத்துக்கு இல்லை என்று தெரியும். எவ்வளவு கண்டிப்பு என்று தெரியாது. எங்கள் எச்.ஆர். பிரிவில் இருந்த அக்காவிடம் நேரே போய்க் கேட்டேன். வாடிக்கையாளர் இந்தியாவில், பணம் இந்தியாவில், ரூபாயில், வேலை நேரம் முடிந்த பிறகு, என் சொந்த லேப்டாப்பில், சிங்கப்பூர்க்காரர் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை என்று என் வாதங்களை அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்?"

பூன் லேயில் என் அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அதோடு முடிந்தது. பாஸில் எழுதியிருக்கும் நிறுவனத்துக்கு, எழுதியிருக்கும் வேலையை மட்டுமே செய்யலாம். முறையான அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். அதன் பிறகு அங்கே வேலைக்கு வர முடியாதபடி தடையும் விதிக்கலாம். மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு இதைப் பணயம் வைப்பது லாபக் கணக்கில் சேராது.

சிலர் இங்கே ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், வரியை நேர்மையாகக் கட்டிவிட்டால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பது. அந்த வழியில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன், காகிதத்தில் மட்டும். போகப் போக முடிச்சு இறுகுகிறது.

முதலில் சிங்கப்பூர். அங்கே தனிநபர்களுக்கு வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை உள்ளே கொண்டுவந்தாலும் 2004 முதல் வரி இல்லை. சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க நின்றால் யாராவது ஒருவர் இந்த விதியைச் சொல்லி, இந்தியாவிலிருந்து வரும் பணத்துக்கு வரியே கிடையாது என்பார். அந்த விதி சொல்லும் வெளிநாட்டு வருமானம் என்பது ஊரில் விட்ட வீட்டு வாடகை, ஊர் டெபாசிட் வட்டி போன்றவை. உடலும் மூளையும் சிங்கப்பூரில் இருந்து உழைத்தால் அது சிங்கப்பூரில் விளைந்த வருமானம். பணம் மணலியில் கைமாறினாலும் அப்படித்தான்.

அடுத்து இந்தியா. வரிச் சட்டத்தின் பார்வையில் நான் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டேன், எனவே இந்தியா கேட்காது என்று நினைப்போம். இந்தியா வேறு கோணத்தில் பார்க்கிறது. தொழில்நுட்பச் சேவைக்கு இங்கிருக்கும் ஒருவர் தன் இங்குள்ள தொழிலுக்காகக் கட்டணம் கொடுத்தால், வேலை வெளிநாட்டில் நடந்திருந்தாலும், அந்தக் கட்டணம் இந்தியாவில் எழுந்த வருமானமாகவே கருதப்படும். கொடுப்பவர் வெளிநாட்டுவாசிக்குப் பொருந்தும் விகிதத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். மணலி முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா கணக்கு என்ற பேச்சே வந்திருக்காது. ஆக ஒரே ஐசோவுக்கு, உட்கார்ந்த இடத்தைக் காட்டி ஒரு நாடும் பணம் கொடுத்தவரைக் காட்டி இன்னொரு நாடும் கை நீட்டுகின்றன.

இதைத் தீர்க்கத்தான் 1994இல் போட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவர் எந்த நாட்டில் வசிக்கிறாரோ அங்கேதான் வரி. அடுத்த நாட்டில் அவருக்கு நிலையான அலுவலகம் இருந்தாலோ, ஒரு நிதியாண்டில் மொத்தம் 90 நாள் அங்கே தங்கினாலோதான் அந்த நாடும் கேட்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தியாவில் அந்தச் சலுகையைக் கேட்க, நான் சிங்கப்பூரில் வரி செலுத்தும் வதிவாளர், அதாவது வரிக் கணக்கில் அங்கே வசிப்பவன் என்று அந்நாட்டு வரித்துறையின் சான்று வேண்டும். அந்தச் சலுகைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் மணலிப் பணத்தையும் அங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். காட்டினால், பாஸ் அனுமதிக்காத வேலையைச் செய்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மறைத்தால் வரி ஏய்ப்பு. அனுமதி இல்லாத வேலைக்கு நேர்மையாக வரி கட்டும் வழியே கிடையாது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பெரிய நிம்மதி. யோசிக்க மிச்சம் எதுவும் இல்லை.

அந்த வேலையை எண்ணூரில் இருந்த என் ஜூனியர் பையனுக்குக் கைகாட்டிவிட்டேன். கமிஷன் வாங்கினாயா என்று இன்றுவரை கேட்கிறார்கள். கமிஷன் வாங்கினால் அதுவும் வருமானம்தான், சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும். முதலாளி இரண்டு பொங்கலுக்கு என்னிடம் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டார்.

அம்மா கணக்கு என்ற யோசனை எங்கே போய் முடியும் என்பதை வேறொரு வீட்டில் பார்த்தேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் வளைகுடாவில். "தம்பி, வருமான வரி ஆபீசிலிருந்து ஏதோ வந்திருக்கிறது. நான் எந்தக் கம்பெனியில் வேலை செய்தேன்?" வாங்கிப் பார்த்தேன். வரித்துறை இணையதளத்தில் அவர் பான் எண்ணுக்கு எதிரே, ஒரு கம்பெனி தொழில்முறைக் கட்டணம் கொடுத்ததாகவும் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிக் கழிக்கும் வரி, பிடித்ததாகவும் காலாண்டு வாரியாகப் பதிவு. நாலாம் வகுப்பைத் தாண்டாத, முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு பெண்மணி, அரசு ஏட்டில் டிசைன் ஆலோசகர். மகன் அனுப்பிய வேலைக்கு அம்மா பெயரில் பில் போட்டிருந்தார்கள். சட்டப்படி அது அம்மாவின் வருமானமும் இல்லை, மகனின் கணக்கிலும் வரவில்லை. உதவித்தொகை அலுவலகத்தில் யாராவது இந்தப் பான் எண்ணைத் தட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பயம். அவரை ஆடிட்டரிடம் கூட்டிப்போய்க் கணக்குத் தாக்கல் செய்ய வைத்தார்கள். வரி பெரிதாக வரவில்லை. ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு போனில் எந்த மெசேஜ் வந்தாலும் நடுங்குகிறார்.

மனைவி பெயரில் செய்யலாமே என்பார்கள் இன்னும் சிலர். சிங்கப்பூரில், குடும்பத்தினருக்கான டிபென்டன்ட் பாஸில் இருக்கும் மனைவி முன்பு எளிதான அனுமதிக் கடிதத்தில் வேலைக்குப் போக முடிந்தது. 2021 மே 1 முதல் அங்கே ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர அவருக்கே தனி வேலைப் பாஸ் வேண்டும். அதற்கும் மேலே, டிராயிங் போட்டது நீங்கள் என்றால் பில்லில் யார் பெயர் இருந்தால் என்ன?

ஒவ்வொரு நாட்டிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் மாறும், கேள்விகள் மாறாது. அமெரிக்காவில் எச்1-பி விசாவும் மனுப் போட்ட முதலாளிக்கு மட்டுமே. இரண்டாவது முதலாளி வேண்டுமானால் அவரும் முறையாக மனுப் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவில், தகுதியுள்ள வேலையாக இருந்தால் வாரம் 20 மணி நேரம் வரை கூடுதல் வேலைக்கு இடமுண்டு. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் விளையும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரி வரம்புக்குள் வராத இந்தியக் குடிமகனை இந்தியா தன் வதிவாளராகவே கருதும் விதி 2020இல் வந்துவிட்டது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கே வரி வதிவாளர் ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் காட்ட வேண்டும். இந்தியாவில் வரி இல்லாத என்.ஆர்.இ. வட்டிக்கும் அங்கே வரி உண்டு. தண்டையார்பேட்டையில் அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கையும் சேர்த்து, வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், தனியாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். வரியே வராவிட்டாலும் அறிக்கை கட்டாயம். என் சித்தப்பா மகன் இதைக் கேட்டபோது "அது அம்மா பணம்" என்றான். கணக்கில் உன் பெயரும் இருக்கிறதல்லவா?

கப்பல்காரர்கள் கதை தனி. ராயபுரம், காசிமேட்டில் வணிகக் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. வெளிநாட்டுவாசியான மாலுமி, இந்தியாவுக்கு வெளியே ஓடும் கப்பலில் வேலை செய்து வாங்கும் சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் வரவானது என்ற ஒரே காரணத்துக்காக இந்தியாவில் வரி போட முடியாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. அது அவர்களுக்கான விளக்கம். அதைத் தரையில் வேலை பார்ப்பவர்கள் எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கூடாது. சம்பளமோ கட்டணமோ, முதன்முதலாகக் கைக்கு வரும் இடம் இந்தியாவாக இருந்தால் வெளிநாட்டுவாசிக்கும் இங்கே வரிக் கேள்வி எழும். அங்கே வாங்கிக்கொண்டு பிறகு ஊருக்கு அனுப்புவதுதான் சுத்தம்.

விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் கொஞ்சம் உண்டு. வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாட்டுவாசி. ஜூனில் கிளம்பினால் அந்த ஆண்டே வெளிநாட்டுவாசி ஆகலாம். டிசம்பரில் கிளம்பினால் அந்த ஆண்டு முழுக்க வதிவாளர்தான், சிங்கப்பூர்ச் சம்பளத்தின் முதல் மாதங்களையும் இங்கே காட்ட வேண்டும். நான் ஜூனில் போனேன். அதற்கு முன் சில்லறையாகச் செய்துகொண்டிருந்த டிராயிங் வேலைகளில் முடிந்தவற்றுக்குப் பில் போட்டு, முடியாததை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். கடைசிக் கோப்பு அனுப்பிய மின்னஞ்சலின் தேதி, பாஸ்போர்ட்டில் மீனம்பாக்கத்தில் குத்திய முத்திரைக்கு முந்தியது. பணம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. ஆனாலும் வேலை இங்கே இருக்கும்போது செய்தது என்பதற்கு அந்த ஒரு மின்னஞ்சல் போதும். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்நியச் செலாவணிச் சட்டப்படி இது கட்டாயம். வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் டி.டி.எஸ். பிடிப்பார்கள் என்பதால் பலரும் மாற்றுவதில்லை. கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது இன்னொன்று. வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வரித்துறைக்கு ஐஆர்21 படிவம் கொடுத்து, வரி நேராகும்வரை ஊழியருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் அதில் அடங்கும். வெளிநாட்டவருக்கு அங்கே சி.பி.எஃப். என்ற ஓய்வுக்காலச் சேமிப்பும் இல்லை. அந்தக் கடைசி மாதச் செலவுக்குத் தனியாகக் கையில் பணம் வைத்திருப்பது நல்லது; ஊருக்கு வாங்கும் சாமான்களை அதற்கு முந்தைய மாதமே வாங்கிவிடலாம்.

இப்போது எதிர்த்திசை. திரும்பி வந்த சில மாதங்களில், சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தனியாக ஆரம்பித்த டிசைன் கம்பெனிக்கு ஆள் தேடினார். நான் இங்கே உட்கார்ந்து செய்வது என்று ஒப்பந்தம் ஆயிற்று. அவர்களுக்கு ஒன்பது மணி என்றால் எனக்கு ஆறரை. பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கும் முன் முதல் மீட்டிங் முடிந்துவிடும். என் பழைய மூன்று கேள்விகளுக்கும் இந்தத் திசையில் பதில் எளிது. சொந்த நாட்டில் வேலை செய்ய யாருடைய பாஸும் வேண்டாம். வேலை முழுக்க இந்தியாவில் நடப்பதால் வரி இந்தியாவில். முழு வேலையும் சிங்கப்பூருக்கு வெளியே நடக்கிறது என்பதால் அவர்கள் அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்திலேயே அந்த வாக்கியத்தை எழுத வைத்தேன். ஒவ்வொரு பில்லிலும் வேலை செய்த இடம் சென்னை என்று போடுகிறேன்.

பணம் வரும் வழியில்தான் தலைவலி. சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் நம் யு.பி.ஐ.யும் 2023 பிப்ரவரியில் இணைந்தன. நண்பர் அதிலேயே அனுப்புகிறேன் என்றார். அது குடும்பச் செலவு, அன்பளிப்பு மாதிரியான தனிப்பட்ட பணத்துக்கு ஏற்பட்ட வழி. தொழில் கட்டணத்தை அதில் வாங்கக் கூடாது. பேங்க் வழியாக முறையாக அனுப்பச் சொன்னேன். முதல் தொகை வந்தது. பேங்க் தந்த வரவு அறிவிப்புத் தாளை வாங்கிப் பார்த்தால், பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் நோக்கக் குறியீடு என்ற கட்டத்தில் பி1301. வெளிநாட்டு இந்தியர் குடும்பப் பராமரிப்புக்காக அனுப்பிய பணம் என்பது அதன் பொருள். சிங்கப்பூரிலிருந்து திருவொற்றியூருக்கு வரும் பணம் வேறென்னவாக இருக்கும் என்று கவுன்ட்டரில் இருந்தவர் முடிவு செய்துவிட்டார். பில், ஒப்பந்தம், இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். "வரி இல்லாத குறியீட்டில்தானே போட்டிருக்கிறோம், உங்களுக்கு நல்லதுதானே சார்" என்றார். நல்லெண்ணம்தான். அவர்கள் தலைமை அலுவலகம் வரை எழுதிப்போட்டு, பொறியியல் சேவைக்கான குறியீட்டுக்கு மாற்றிய பிறகே விட்டேன். இந்தக் குறியீடும் வரவுச் சான்றும் சரியாக இருந்தால்தான் நாளைக்கு இது சேவை ஏற்றுமதி என்று நிரூபிக்க முடியும். இப்போது ஒவ்வொரு தொகை வரும்போதும் பில் நகலோடு குறியீட்டையும் மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் டி.டி.எஸ். பிடிப்பதில்லை என்பது முதலில் இனிக்கும். வரி முழுக்க நம் தலையில் என்பது பிறகுதான் உறைக்கும். பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு, வதிவாளராக இருந்தால், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் வசதி உண்டு. வரவு 50 லட்சம் வரை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. அப்படிக் காட்டுபவர் முன்கூட்டிய வரியை நாலு தவணையாகப் பிரிக்காமல் மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டலாம். நான் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மார்ச்சில் யாரிடமாவது கை நீட்ட வேண்டியதுதான்.

இந்த வசதியைச் சொல்பவர்கள் ஐ.டி.ஆர்.-4 என்ற சின்ன வருமான வரிக் கணக்குப் படிவத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆறேழு ஆண்டு வெளியே இருந்துவிட்டு வருபவர் முதல் ஓரிரு நிதியாண்டுகளுக்கு வதிவாளர், ஆனால் சாதாரண வதிவாளர் அல்ல என்ற இடைநிலையில் இருப்பார். முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளைத் தாண்டாவிட்டால் இந்த நிலை. எனக்கு அப்படி இரண்டு நிதியாண்டுகள் கிடைத்தன. அந்த நிலையில் இருப்பவருக்கு ஐ.டி.ஆர்.-4 கிடையாது. முழு வதிவாளர் ஆன பிறகும், மூடாமல் விட்ட சிங்கப்பூர் பேங்க் கணக்கு ஒன்று இருந்தால் அப்போதும் கிடையாது; ஐ.டி.ஆர்.-3இல், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் தவிர்த்த சொத்துகளின் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் தளர்ந்தது, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. நான் கணக்கை மூடிவிட்டேன். ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறேன் என்பவர்கள் வருடா வருடம் அட்டவணை நிரப்பட்டும்.

பிரிவு எண்களை வேண்டுமென்றே சொல்லவில்லை. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மனப்பாடம் செய்தவர்களின் எண்கள் எல்லாம் பழைய பஸ் ரூட் நம்பர் மாதிரி ஆகிவிட்டன.

ஜி.எஸ்.டி.யில் எல்லோருக்கும் தெரிந்தது, ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம் என்பது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போட ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிமொழி கொடுக்க வேண்டும். என் வரவு எல்லையை நெருங்கியபோதே பதிவு செய்துவிட்டேன். ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து புது வேலை வந்தது. டிராயிங்கின் வலது கீழ் மூலையில், திட்ட விவரங்கள் எழுதும் டைட்டில் பிளாக்கைப் பார்த்தேன். திட்ட இடம் என்ற கட்டத்தில் காட்டுப்பள்ளி. என் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் அந்தப் பக்கத்து கிரேன்கள் தெரியும்! தரையோடு கட்டிய பைப் ரேக், அதாவது குழாய்களைத் தாங்கும் சட்டத்துக்கான வடிவமைப்பு. அசையாச் சொத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சேவைக்கு, அந்தச் சொத்து இருக்கும் இடம்தான் சேவை வழங்கும் இடம். பணம் தருபவர் சிங்கப்பூர், பணம் டாலர், எல்லாம் இருந்தும் இது ஏற்றுமதி ஆகாது. 18 சதவீதம் வரி போட்டே பில் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை அவர்களால் அங்கே கழித்துக்கொள்ளவும் முடியாது. வேலை தொடங்கும் முன்பே சொன்னதால் விலையைப் பேசி முடிக்க முடிந்தது. அன்றிலிருந்து புது வேலை எது வந்தாலும் முதலில் டைட்டில் பிளாக்கின் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

போன வருடம் அவர்கள் ஒரு பழைய ஆலையில் குழாய்களை அளக்க என்னைப் பத்து நாள் வரச் சொன்னார்கள். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் செலவு. சுற்றுலாப் பயணியாக வந்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார் நண்பர். கம்பெனிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு வருகை அனுமதியே போதும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு தளத்தில் டேப் பிடித்தால் அது வேலை; அதற்குத் தனி அனுமதி வேண்டும். தளத்தில் நின்று செய்த பகுதிக்கான கட்டணம் சிங்கப்பூரில் விளைந்த வருமானம் ஆகிவிடும், அதற்கு அங்கே வரி பிடிப்பது பற்றிய கேள்வியும் வரும். இரண்டு நாள் கூட்டத்துக்கு வருகிறேன், அளவை உங்கள் ஆட்கள் லேசர் ஸ்கேன் எடுத்து அனுப்பட்டும் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்தார். ஸ்கேன் கோப்பு மறுவாரம் வந்து சேர்ந்தது. டேப் பிடித்து எடுத்திருந்தால் விட்டிருக்கக்கூடிய இரண்டு வால்வுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன.